நீர் வடியும் நேரத்து நண்டு

அமெரிக்காவின் தென் கரோலினாவில், சார்ல்ஸ்டனுக்குத் தெற்கே எடிஸ்டோ ஆறு கடலில் கலக்கும் பகுதியில், ஓர் உப்பங்கழியின் ஓரத்தில் மூன்று மணி நேரத்துக்கும் மேலாகக் கயாக் என்ற ஒடுங்கிய துடுப்புப் படகில் உட்கார்ந்திருந்தேன். கயாக் ஆடவில்லை, அசையவில்லை. அடியில் தண்ணீர் இருந்தால்தானே ஆடுவதற்கு! முழங்காலுக்குச் சற்றுக் குறைவான நீரில் நண்டுக் கயிற்றைப் போட்டுவிட்டுக் காத்திருந்தவன், ஒரு மணி நேரத்தில் சேற்றின்மேல் அமர்ந்திருந்தேன். இறங்கித் தள்ளலாம் என்று ஒரு காலை வைத்தால் தொடை வரை உள்ளே இழுத்தது. அந்த ஊர்க்காரர்கள் அதை ‘ப்ளஃப் மட்’ என்பார்கள். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். ஆக்சிஜன் எட்டாத அந்தச் சேற்றுக்குள் வாழும் பாக்டீரியாக்கள், கடல்நீரில் உள்ள சல்ஃபேட்டைக் கொண்டு தங்கள் பிழைப்பை நடத்திக்கொண்டு ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளியே விடுகின்றன. நாற்றத்தின் வேதியியலை அசைபோட எனக்கு நிறைய நேரம் கிடைத்தது.

என் தவறு கணக்கில்தான். கழி ஒரே சீராக வடிவதில்லை. நீர் உச்சத்தில் நின்று இறங்கத் தொடங்கி அடிமட்டத்தைத் தொட ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆகும். மொத்த இறக்கத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், முதல் மணி நேரத்தில் ஒரு பங்கு, அடுத்து இரண்டு, பிறகு மூன்று, மூன்று, இரண்டு, ஒன்று என்று இறங்கும் என்பது மாலுமிகளின் பழைய கைக்கணக்கு. இறக்கம் 180 சென்டிமீட்டர் என்றால், முதல் மணியில் 15 சென்டிமீட்டர்தான் குறையும். மூன்றாம், நான்காம் மணிகளில் 45 சென்டிமீட்டர் வீதம் குறையும். முதல் ஒரு மணி நேரத்தைப் பார்த்து ‘மெதுவாகத்தானே வடிகிறது’ என்று நம்புகிறவர் ஏமாறுவார். தரை தட்டிய பிறகு காத்திருக்க வேண்டிய நேரத்தையும் இதே கணக்கு சொல்லிவிடும். நான் தட்டியபோது நீர் அடிமட்டத்தைத் தொட ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் மிச்சம் இருந்தது. அங்கே போய்த் திரும்பி அதே மட்டத்துக்கு வர இன்னொரு மடங்கு. வடியத் தொடங்கிய மூன்றாம் மணியிலேயே தட்டியிருந்தால் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன்.

இந்தக் கரையில் ஓதத்தின், அதாவது கடல்நீர் அன்றாடம் ஏறி இறங்குவதன், ஏற்றவற்றம் பெரிது. சென்னையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களிலும் கடல்மட்டம் ஒரு மீட்டர் அளவில்தான் ஏறி இறங்கும். சார்ல்ஸ்டனில் சாதாரண நாளிலேயே ஒன்றரை மீட்டருக்கு மேல். இன்னும் தெற்கே, ஜார்ஜியாவின் சவன்னா பக்கம், இரண்டு மீட்டரைத் தாண்டும். நிலவும் சூரியனும் எல்லாக் கடலையும் ஒரே விதியில்தான் இழுக்கின்றன. வேறுபாடு கரையின் வடிவத்தில் இருக்கிறது. வட கரோலினா முதல் ஃப்ளோரிடா வரை கரை உள்வாங்கி வளைந்திருக்கிறது. அந்த வளைவின் நடுவில் ஆழம் குறைந்த கடலடித் திட்டு மிக அகலமானது. அதன்மேல் ஏறிவரும் ஓத அலை குறுகி உயர்கிறது. இரண்டு உச்சநீர்களுக்கு இடையே 12 மணி 25 நிமிடம். நிலவு தானும் நகர்ந்துகொண்டே இருப்பதால், இன்று காலை ஏழு மணிக்கு ஏறிய நீர் நாளை ஏறக்குறைய 7.50க்குத்தான் ஏறும். நேற்று போன நேரத்திலேயே இன்றும் போவேன் என்பவருக்குச் சேறுதான்.

கழிக்குள் இன்னொரு விஷயம் சேர்கிறது. இருபுறமும் ஸ்பார்ட்டினா என்ற உப்புப்புல் கண்ணுக்கெட்டும் தூரம் வளர்ந்த சதுப்பு. உச்சநீர் நேரத்தில் கழியின் கரை தாண்டி அந்தப் புல்வெளி முழுவதும் நீர் பரவி நிற்கும். வடியும்போது அத்தனை நீரும் ஒரு குறுகிய வாய்க்கால் வழியாகத்தான் கடலுக்குத் திரும்ப வேண்டும். அதனால் இத்தகைய கழிகள் பலவற்றில் ஏறும் நீரைவிட வடியும் நீருக்கு வேகம் அதிகம். நிதானமாகத் துடுப்புப் போடுகிறவர் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் போவார். நடுவற்றத்தில் எதிர்நீர் அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். ஏறும் நீரோடு உள்ளே போய் வடியும் நீரோடு வெளியே வருவதுதான் அங்கே பழக்கம். நங்கூரத்தையும் பக்கவாட்டில் கட்டக்கூடாது. நீர் வந்து மோதும் பக்கத்து விளிம்பு கீழே அழுந்தி, அதன்மேல் ஓட்டம் ஏறி, கயாக் கவிழ்ந்துவிடும். முனையிலோ பின்புறத்திலோதான் கயிறு இருக்க வேண்டும். மீன்பிடிக்கப் பெரும்பாலும் மேலே உட்காரும் வகைக் கயாக்கையே வைத்திருக்கிறார்கள். ஏறிய நீர் அதில் உள்ள துளைகள் வழியாகத் தானே இறங்கிவிடும். தண்ணீரைத் தடுக்காமல் வழிந்துபோக விடும் இந்த ஏற்பாடு நம் கட்டுமரக்காரர்களுக்குப் பழைய சங்கதி.

வடியும் நீர் கயாக்குக்குத் தொல்லை. மீனுக்கோ அதுதான் சாப்பாட்டு மணி. நீர் நிறைந்திருக்கும்வரை இறாலும் சிறுமீனும் புல்லுக்குள் ஒளிந்திருக்கும். நீர் இறங்கினால் வெளியேறியே ஆக வேண்டும். பெரிய மீன்கள் வாய்க்கால் முகத்தில், சிப்பித் திட்டுகளின் ஓரத்தில் காத்து நிற்கும். வால் அருகே கருப்புப் பொட்டு வைத்த சிவப்பு ட்ரம் மீன் அங்கே எல்லோருக்கும் பிடித்த இலக்கு. அது நம் கத்தாழை மீனின் குடும்பம். காற்றுப்பையைத் தசையால் அதிரவைத்து ஒலி எழுப்புவதால்தான் ‘ட்ரம்’ என்று பெயர். அமாவாசை, பௌர்ணமி ஏற்றத்தில் அது புல்லுக்குள்ளேயே புகுந்து, தலையைச் சேற்றில் குத்தி நண்டு பொறுக்கும்போது வால் மட்டும் வெளியே ஆடும். அந்த அளவு நீரில் சத்தமின்றி நுழையக் கயாக்கை விட்டால் வேறு படகு கிடையாது.

எனக்கு மீனைவிட நண்டின் மேல்தான் மோகம். கருவி என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம்: ஒரு கயிறு, ஈயக்குண்டு, கோழிக்கழுத்து, கைப்பிடி வலை. கொக்கிகூட இல்லை. நண்டு இரையைப் பற்றிக்கொண்டு விடாது. மெதுவாக மேலே இழுத்து, தண்ணீரைவிட்டு வெளியே வருவதற்குள் வலையை அடியில் கொடுக்க வேண்டும். கோழிக்கழுத்து இருக்கும் இடம் கலங்கிய நீரில் நண்டுக்கு எப்படித் தெரிகிறது? வாசனைதான். ஆனால் வாசனை தானாகப் பரவி நண்டை எட்ட வேண்டுமென்றால் ஆண்டுக்கணக்கில் ஆகும். ஓடும் நீர்தான் அதை நூல்நூலாகக் கொண்டுபோகிறது. நண்டின் தலையில் உள்ள குறு உணர்கொம்புகளில் அந்த நூல் பட்டால் நீரோட்டத்தை எதிர்த்து நடக்கத் தொடங்கும். கால்களிலும் மோப்ப உறுப்புகள் உண்டு. இடக்கால் பக்கம் வாசனை கூடினால் இடப்பக்கம் திரும்பும். ஓட்டமே இல்லையென்றால் திசை தெரியாது. ஓட்டம் மிஞ்சிச் சுழித்தால் வாசனை நூல் பிய்ந்து கலந்துபோகும், நண்டு தடுமாறும். நீர் திரும்பிய முதல் ஒன்றரை மணி நேரம் நல்ல நேரம் என்று கயிறு போடுகிறவர்கள் சொல்வதற்குள் இவ்வளவு இயற்பியல் இருக்கிறது.

கம்பிக்கூண்டின் தந்திரம் வேறு. கீழ் அறையில் இரை. புனல் வழியாக நண்டு உள்ளே வரும். இரை எட்டவில்லை, வெளியே போகவும் வழி தெரியவில்லை என்றானதும் மிரண்டு மேல்நோக்கி நீந்தும். அங்கே இரண்டாவது அறை திறந்திருக்கிறது. நண்டின் மிரட்சியையே பூட்டாக்கிய இந்தக் கூண்டுக்கு வர்ஜீனியாவின் பெஞ்சமின் லூயிஸ் 1928இல் காப்புரிமை பெற்றார்.

அகப்படுவது அமெரிக்க நீல நண்டு. 1896இல் மேரி ராத்பன் அதற்கு இட்ட அறிவியல் பெயரின் பொருள் ‘சுவைமிக்க அழகிய நீச்சல்காரன்’. வகைப்பாட்டியல் வல்லுநர் நண்டின் ருசியைப் பெயரிலேயே எழுதிவைத்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. பாக் நீரிணையில் நம் மீனவர்கள் பிடிக்கும் நீலக்கால் நண்டுக்கு இது ஒரே குடும்பத்து உறவு. அதன் சதை அமெரிக்காவுக்கே ஏற்றுமதியாகிறது. இரண்டுக்கும் கடைசிக் காலிணை துடுப்பாகத் தட்டையானது. ஆணா பெண்ணா என்று அறிய வயிற்று மடிப்பைப் பார்க்க வேண்டும்: ஆணுக்குக் குறுகலாகக் கோபுரம்போல, முதிர்ந்த பெண்ணுக்கு அகன்ற அரைவட்டம். முதிர்ந்த பெண்ணின் இடுக்கி நுனி சிவந்திருக்கும். ஓட்டின் இரு முட்களுக்கு இடையே 5 அங்குலம் இல்லாத நண்டையும் முட்டை சுமக்கும் பெண்ணையும் தென் கரோலினாவில் நீரிலேயே விட்டுவிட வேண்டும்.

முட்டைக்காரியின் கதைதான் இந்தக் கழியிலேயே எனக்கு வியப்பானது. அவள் கடைசித் தோலுரிப்பின்போது, வாழ்நாளில் ஒரே முறை இணைகிறாள். அப்போது பெற்ற விந்தைச் சேமித்துவைத்து, பிற்பாடு இருபது லட்சம் அளவில் முட்டைகளை வயிற்று மடிப்பில் சுமப்பாள். குஞ்சுகளுக்குக் கடலின் முழு உப்பு வேண்டும். கழியின் கலப்பு நீரில் பிழைக்காது. எனவே அவள் கடலுக்குப் போக வேண்டும். நீந்திச் சலிப்பதில்லை. இரவில் நீர் வடியும்போது மேலே எழுந்து ஓட்டத்தில் மிதக்கிறாள். ஏறும்போது அடியில் பதுங்குகிறாள். முட்டை சுமக்கும் நண்டுகளை ஓதமே இல்லாத ஆய்வகத் தொட்டியில் விட்டபோதும், தாங்கள் வந்த இடத்தில் நீர் வடியும் வேளையில்தான் நீந்தின. கடிகாரம் உடம்புக்குள் ஓடுகிறது.

குஞ்சுகள் ஒரு மாதத்துக்கும் மேல் கடற்பரப்பில் மிதந்து, மெகலோப்பா என்ற பருவத்தில் கரைக்குத் திரும்பும். சில மில்லிமீட்டர் உயிரி ஓட்டத்தை எதிர்க்க முடியுமா? அதுவும் தாயின் உத்தியைத் தலைகீழாகச் செய்கிறது: உப்பு கூடுவதை உணர்ந்து ஏறும் நீரில் எழும்பும், வடியும் நீரில் அடியில் ஒட்டிக்கொள்ளும். கழிநீரின் வேதிப்பொருள்கள் அதை வெளிச்சத்துக்கு அஞ்ச வைப்பதால் இரவு ஏற்றத்தில் மட்டும் பயணம். படிப்படியாக, ஓதம் ஓதமாக, புல்லடிக்கு வந்து சேர்கிறது.

நான் சேற்றில் உட்கார்ந்த அன்று, அதற்குச் சற்று முன்னால், கயிற்றோடு ஒரு முட்டைக்காரி வந்தாள். முட்டைத்திரள் இளஞ்சூலில் ஆரஞ்சு நிறமாக இருக்கும். உள்ளே குஞ்சுகளின் கண்கள் உருவாக உருவாகக் கறுக்கும். இவளுடையது காப்பிக்கொட்டை நிறம். இன்னும் சில நாள்தான். வலையைத் தலைகீழாக்கினேன். அவள் கடல் பக்கம் போகவில்லை. நேராக அடியில் இறங்கிச் சேற்றில் புதைந்தாள். பகல் அல்லவா, வற்றமாக இருந்தாலும் அவளுக்கு இது நேரமில்லை.