பிரஸ் மெஷினில் விரல் போனால், ஆஸ்பத்திரியில் சொல்லும் முதல் வாக்கியம்

கோவையில் கணபதி, சிட்கோ பக்கம் பட்டறை விடும் நேரத்தில் ஒரு டீக்கடையில் நின்று பாருங்கள். டம்ளரை மூன்று விரலால் பிடித்துக் குடிக்கிற ஆள் ஒருவராவது கண்ணில் படுவார். மாதாமாதம் ஏதாவது பணம் வருகிறதா என்று கேட்டால் "ஓனர் ஆஸ்பத்திரி செலவைப் பார்த்துக்கிட்டாருங்க" என்பார். அவ்வளவுதான். நான் துணைக்குப் போய் அலைந்த ஆட்களில் பாதிப்பேருக்கு உரிமை இருந்தது, பேப்பர் இல்லை. அந்தப் பேப்பரும் விபத்து நடந்த முதல் இரண்டு நாளிலேயே கெட்டுப்போயிருந்தது.

சட்டம் சுருக்கமாக: நீங்கள் இ.எஸ்.ஐ.யில் (தொழிலாளர் அரசு காப்பீட்டில்) இருந்தால் விபத்துக்கான பணத்தை இ.எஸ்.ஐ. கழகம் கொடுக்கும், இல்லாவிட்டால் முதலாளி கொடுக்க வேண்டும். 1948, 1923 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களில் இருந்த இந்த இரண்டும் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டன. பெயர் மாறினாலும் கணக்குப் போடும் முறை அதேதான்.

முதல் பொறி ஆஸ்பத்திரி வாசலில் இருக்கிறது. சூப்பர்வைசர் காரில் கூட்டிப்போவார், வழியிலேயே "பைக்கில் விழுந்துட்டேன்னு சொல்லு, இல்லேன்னா போலீஸ் கேஸ் ஆயிடும், ஆபரேஷன் லேட்டாகும்" என்பார். வலியில் இருக்கிறவன் என்ன செய்வான், தலையாட்டுவான். அதை டாக்டர் விபத்துப் பதிவேட்டில் எழுதிவிட்டால், அப்புறம் நீங்கள் எந்த அலுவலகத்தில் எத்தனை முறை மாற்றிச் சொன்னாலும் எதிரில் இருப்பவர் அந்த ஒரு வரியைத்தான் காட்டுவார். எனவே "வேலை செய்யும்போது, இந்தக் கம்பெனியில், பிரஸ் மெஷினில்" என்றே சொல்லுங்கள். பேச முடியாத நிலை என்றால் கூட வந்த வீட்டு ஆள் சொல்லட்டும். ஏ.ஆர். (அந்த விபத்துப் பதிவேடு) காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி இரண்டையும் கேட்டு வாங்கி, போட்டோ எடுத்து, வீட்டில் யாருக்காவது வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். ஒரிஜினலைக் கம்பெனியிடம் கொடுக்காதீர்கள், திரும்பி வராது.

இ.எஸ்.ஐ.க்கு வருவோம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம், சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் நீங்கள் அதில் இருக்க வேண்டும். "நீ சேர்ந்து ஒரு வாரம்தான் ஆச்சு, இ.எஸ்.ஐ. கிடைக்காது" என்பது சுத்தப் பொய். உடம்பு சரியில்லாமல் லீவு போட்டால் வாங்கும் பணத்துக்குத்தான் இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற கணக்கு. வேலையில் நடந்த விபத்துக்கு அது கிடையாது, முதல் நாளே அடிபட்டாலும் உரிமை உண்டு. முதலாளி சந்தாவே கட்டவில்லை என்றாலும் கழகம் உங்களுக்குக் கொடுத்துவிட்டு அவரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. கவுன்ட்டரில் இருப்பவர் இதைத் தானாகச் சொல்ல மாட்டார்.

உண்மையான சிக்கல் வேறு. விபத்து நடந்த அன்று மதியம்தான் உங்களுக்கு இ.எஸ்.ஐ. நம்பரே போடுவார்கள். தேதியைப் பார்த்ததும் அலுவலகத்துக்குச் சந்தேகம் வரும், விசாரணை என்று ஃபைல் உட்கார்ந்துவிடும். அதற்கு முன்பே அங்கே வேலை செய்தீர்கள் என்பதற்கு ஏதாவது வேண்டும்: வங்கியில் வந்த சம்பளம், கேட் பாஸ், வாட்ஸ்அப் குரூப்பில் ஷிப்ட் போட்ட மெசேஜ், எதுவாக இருந்தாலும் சரி.

இன்னொன்று, கம்பெனி "கவலைப்படாதே, சம்பளம் போடுறோம்" என்று ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களுக்கும் வருகைப் பதிவு போட்டுவிடும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் சம்பளத்தில் 90 சதவீதம் வரை வரும் தற்காலிக ஊனப் பணம் அந்த நாட்களுக்குக் கிடையாது. விபத்தே நடக்கவில்லை என்று சொல்லவும் அந்தப் பதிவேடே போதும். அதேபோல, தனியார் ஆஸ்பத்திரியில் கிடந்தாலும் உங்கள் இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் தகவல் சொல்லி மருத்துவச் சான்று போட்டுக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்துப் போய் நின்றால் "இவ்வளவு நாள் எங்கே போனீங்க" என்பதுதான் பதில். கம்பெனி விபத்து அறிக்கையை இ.எஸ்.ஐ.க்கு அனுப்பியதா என்று கேளுங்கள். இழுத்தடித்தால் நடந்ததை வெள்ளைத்தாளில் எழுதிக் கம்பெனிக்கும் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கும் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். நேரில் கொடுத்தால் சீல் போட்ட நகல் இல்லாமல் திரும்பாதீர்கள்.

காயம் ஆறிய பிறகு மருத்துவக் குழு பார்த்துச் சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போனது என்று சொல்லும். ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் 14, கட்டைவிரலுக்கு 30. தினச்சம்பளம் 600 ரூபாய் என்றால் அதில் 90 சதவீதம் 540, அதில் 14 சதவீதம் 75 ரூபாய் 60 காசு, ஒவ்வொரு நாளுக்கும், ஆயுள் முழுக்க. திரும்ப வேலைக்குப் போனாலும், வேறு கம்பெனிக்கு மாறினாலும் இது நிற்காது. சம்பளத்தைப் பாதியாகக் காட்டிச் சந்தா கட்டியிருந்தால் இதுவும் பாதிதான், எனவே கை நன்றாக இருக்கும்போதே அரசின் உமாங் ஆப்பில் உங்கள் பெயரில் எவ்வளவு சம்பளம் காட்டியிருக்கிறார்கள் என்று பார்த்துவிடுங்கள். மாற்றுத்திறனாளி அட்டைக்கான 40 சதவீதக் கணக்கு வேறு, இது வேறு. "நாற்பது இல்லேன்னா ஒண்ணும் வராது" என்று யாரோ சொன்னதைக் கேட்டு வீட்டில் இருந்துவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

ஏழெட்டுப் பேர் வேலை செய்யும் சின்னப் பட்டறை, இ.எஸ்.ஐ. கிடையாது என்றால் முதலாளிதான் பொறுப்பு. தொழிலாளர் துணை ஆணையரிடம் மனுப் போட வேண்டும். 30 வயது ஆள், சம்பளம் 18,000 என்று வையுங்கள். கணக்குக்கு 15,000 வரைதான் எடுப்பார்கள். அதில் 60 சதவீதம் 9,000, வயதுக்கான எண் 207.98. பெருக்கினால் 18,71,820 ரூபாய். ஆள்காட்டி விரலுக்கு அதில் 14 சதவீதம், சுமார் 2,62,000. மருத்துவச் செலவு தனி. ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டியும் உண்டு. இப்போது, 30,000 ரூபாயைக் கையில் வைத்து "இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்" என்று முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்குகிறார்களே, அந்தத் தாள் செல்லாது. ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா? பரவாயில்லை, மனுவைப் போடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: இ.எஸ்.ஐ.யில் இருக்கிறவர் இந்த வழியில் போக முடியாது. அதை விசாரிக்காமலே கேஸ் போட்டு, வருடக்கணக்கில் வாய்தாவுக்கு அலைந்து, கடைசியில் தள்ளுபடி ஆனதைப் பார்த்திருக்கிறேன். வக்கீலிடம் போகும் முன் இ.எஸ்.ஐ. நம்பர் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள்.

"நீ காண்ட்ராக்டர் ஆள், எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்றால் நம்பாதீர்கள், மெஷின் யாருடையதோ அந்தக் கம்பெனியிடமும் கேட்கலாம். அடுத்து வரும் பழி, "அவன்தான் கார்டைக் கழட்டினான்" என்பது. கார்டு என்றால் கை உள்ளே போகாமல் மெஷினில் மாட்டியிருக்கும் தடுப்பு. எந்தப் பட்டறையிலும் சென்சாரை ஆஃப் செய்வதும், இரண்டு கை பட்டனில் ஒன்றை டேப் போட்டு அமுக்கி வைப்பதும் புரொடக்‌ஷன் எண்ணிக்கைக்காக, மேலே இருப்பவர்களுக்குத் தெரிந்துதான். வேண்டுமென்றே நீங்கள் கழட்டினீர்கள் என்று நிரூபிக்க வேண்டியது முதலாளி. மறுநாள் காலையில் மெஷினில் புது கார்டு மாட்டிவிடுவார்கள், அதற்குள் கூட வேலை செய்பவர் யாராவது ஒரு போட்டோ எடுத்தால் பெரிய உதவி. அந்தப் போட்டோவோடு தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் ஒரு புகார் அனுப்புங்கள். புகார் கொடுத்தவர் யார் என்று அவர்கள் கம்பெனியிடம் சொல்லக் கூடாது.

முதலாளியிடம் கேட்கும் மனுவுக்குக் கெடு இரண்டு வருடம். ஊருக்குப் போய்விட்டீர்கள் என்றால் இதற்காகக் கோவைக்கு வந்து லாட்ஜ் போட வேண்டியதில்லை. நீங்கள் வழக்கமாகக் குடியிருக்கும் பகுதிக்கான ஆணையரிடமே போடலாம், அது திருவாரூர் ஆனாலும் ஒடிசா ஆனாலும். "விபத்து நடந்த ஊரில் போய்ப் போடுங்க" என்று திருப்பி அனுப்பினால், அதை எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலும் எழுத மாட்டார்கள், மனுவை வாங்கிக்கொள்வார்கள்.