பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்: உணவு லேபிள் விதிகள் தரும் உரிமை

பாக்கெட் உணவின் முன்பக்கத்தில் எதைப் பெரிதாகப் போடுவது என்பது பெரும்பாலும் நிறுவனத்தின் விருப்பம். பின்பக்கம் அப்படியல்ல. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2006-இன் கீழ், நாட்டின் உணவுத் தரத்தைக் கண்காணிக்கும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. ஆணையம் 2020-இல் வெளியிட்ட லேபிள் விதிகளின்படி, உள்ளே என்ன இருக்கிறது என்பதை அச்சிட்டே ஆக வேண்டும். கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும். தமிழில் போடுவது நிறுவனத்தின் விருப்பம். அதனால் எந்த மூலையில் எதைத் தேடுவது என்று தெரிந்திருப்பது அவசியம்.

முதலில் மூலப்பொருள் பட்டியல். எது அதிக எடையில் சேர்க்கப்பட்டதோ அதுதான் முதலில் வர வேண்டும். முதல் மூன்று பெயர்களிலேயே பண்டத்தின் லட்சணம் தெரிந்துவிடும். "கோதுமை பிஸ்கட்" என்று பெயர் இருக்கும். பட்டியல் மைதாவில் தொடங்கும். இன்னொரு உத்தியும் உண்டு. சர்க்கரை, திரவ குளுக்கோஸ், இன்வெர்ட் சிரப், தேன் என்று இனிப்பைப் பல பெயர்களில் பிரித்துப் போட்டால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும். இது சட்ட மீறல் இல்லை. நாம்தான் கூட்டிப் பார்க்க வேண்டும்.

அதிகம் பேர் கவனிக்காத விதி ஒன்று இருக்கிறது. பாதாம், மாம்பழம் போன்ற ஒன்றைச் சொல்லாலோ படத்தாலோ முன்னிறுத்தி விற்றால், அது எத்தனை சதவீதம் சேர்ந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். முன்பக்கத்தில் பாதாம் கொட்டிக் கிடக்கும். பின்னால் பட்டியலில் அதன் பக்கத்தில் இருக்கும் எண்ணைப் பாருங்கள்.

அடுத்தது சத்து விவர அட்டவணை. பலர் ஏமாறும் இடம் இதுதான். 100 கிராம் அல்லது 100 மில்லிக்கு எவ்வளவு கலோரி, புரதம், மாவுச்சத்து, மொத்தச் சர்க்கரை, சேர்த்த சர்க்கரை, மொத்தக் கொழுப்பு, நிறைவுற்ற கொழுப்பு, டிரான்ஸ் கொழுப்பு (எண்ணெயைக் கெட்டியாக்கும்போது உருவாகி இதயத்துக்குக் கெடுதல் செய்வது), சோடியம் என்று இருக்கும். பக்கத்திலேயே, ஒரு முறை உண்ணும் அளவில் நாள் தேவையின் எத்தனை சதவீதம் கிடைக்கிறது என்ற கணக்கும் வரும். அந்தச் சதவீதத்துக்கு விதி வைத்திருக்கும் அடிப்படை: 2000 கிலோ கலோரி, மொத்தக் கொழுப்பு 67 கிராம், நிறைவுற்ற கொழுப்பு 22 கிராம், டிரான்ஸ் கொழுப்பு 2 கிராம், சேர்த்த சர்க்கரை 50 கிராம், சோடியம் 2000 மில்லிகிராம். இது சராசரி வயது வந்தவருக்கான கணக்கு. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இதே சதவீதத்தை வைத்துப் பார்த்தால் தப்பாகிவிடும்.

"ஒரு முறை உண்ணும் அளவு" என்று 20 கிராம் போட்டிருப்பார்கள். யாரும் 20 கிராமோடு நிறுத்துவதில்லை. பாக்கெட்டைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்திருப்போம். ஆகவே 100 கிராம் கணக்கை எடுத்துக்கொண்டு பாக்கெட்டின் எடையால் பெருக்கி 100-ஆல் வகுங்கள். 100 கிராமுக்குச் சோடியம் 900 மில்லிகிராம் என்றால், 75 கிராம் பாக்கெட்டில் 675 மில்லிகிராம்: ஒரு நாள் அளவில் மூன்றில் ஒரு பங்கு. சோடியத்தை 2.5-ஆல் பெருக்கினால் உப்பு, ஏறக்குறைய 1.7 கிராம். அதேபோல 100 மில்லிக்கு 11 கிராம் சர்க்கரை சேர்த்த பானத்தின் 600 மில்லி பாட்டிலில் 66 கிராம் இருக்கும். நாள் வரம்பான 50 கிராமை அந்த ஒரு பாட்டிலே தாண்டிவிடுகிறது.

முன்பக்க வாசகங்களுக்கும் கடிவாளம் உண்டு. அது 2018 விளம்பர விதிகள். "சுகர் ஃப்ரீ" என்று போட 100 கிராமில் சர்க்கரை 0.5 கிராமைத் தாண்டக்கூடாது. "குறைந்த கொழுப்பு" என்றால் திட உணவில் 100 கிராமுக்கு 3 கிராம்தான் உச்சம். "சர்க்கரை சேர்க்கப்படவில்லை" என்பது வேறு: பழத்தில் இயல்பாக உள்ள சர்க்கரை அப்படியே இருக்கும், நீரிழிவு உள்ளவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். "ஹெல்த் டிரிங்க்" என்ற வகையே சட்டத்தில் இல்லை. பால், மால்ட் பானங்களை அந்தத் தலைப்பில் வைக்கக் கூடாது என்று 2024-இல் இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. அதே ஆண்டு ஜூனில், செறிவூட்டிய சாற்றில் தண்ணீர் கலந்து தயாரிக்கும் பானங்களில் "100% பழச்சாறு" என்று போடுவதையும் நீக்கச் சொன்னார்கள். உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் கலவையில் இல்லாத பானங்களின் பெயரில் "ஓ.ஆர்.எஸ்." (வயிற்றுப்போக்கில் இழந்த நீரை ஈடுகட்டும் உப்பு-சர்க்கரைக் கரைசல்) என்று இருக்கக் கூடாது என்ற உத்தரவு 2025 அக்டோபரில் வந்தது. வயிற்றுப்போக்கில் துவளும் குழந்தைக்குச் சர்க்கரை மிகுந்த பானத்தைக் கொடுத்தால் போக்கு கூடும் என்பதால் இது சின்ன விஷயமல்ல.

டிரான்ஸ் கொழுப்பு விஷயத்தில் விதி லேபிளோடு நிற்கவில்லை. 2022 ஜனவரி 1 முதல் எண்ணெய், கொழுப்புகளிலும் அவற்றைச் சேர்த்துத் தயாரிக்கும் உணவுகளிலும், மொத்தக் கொழுப்பில் 2 சதவீதமே அதற்கு வரம்பு. வாங்குபவர் படித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று விடாமல், தயாரிப்பிலேயே கை வைத்த விதி இது. பலன் தருவது இப்படிப்பட்ட விதிகள்தான்.

ஓட்டைகளும் இருக்கின்றன. மேற்பரப்பு 100 சதுர சென்டிமீட்டருக்கு மேற்படாத சின்னப் பாக்கெட்டில் மூலப்பொருள் பட்டியலும் சத்து விவரமும் இல்லாமலே விற்கலாம். பல பாக்கெட்டுகளைச் சேர்த்து வைத்த பெரிய பொதியில் அவை இருந்தால் போதும். பிள்ளைகள் அதிகம் வாங்குவது இந்தச் சின்னப் பாக்கெட்டைத்தான். பள்ளி வளாகத்திலும், வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் உப்பு, சர்க்கரை, கொழுப்பு மிகுந்த பண்டங்களை விற்கத் தடை உண்டு. ஆனால் யாராவது புகார் சொன்னால்தான் பல இடங்களில் நடவடிக்கை. முன்பக்கத்திலேயே எச்சரிக்கை போடும் முறை சிலியில் 2016 முதல் இருக்கிறது. இங்கே 2022 செப்டம்பரில் அதற்குப் பதிலாக நட்சத்திர மதிப்பீட்டுக்கு வரைவு வந்தது. நார்ச்சத்தோ பருப்போ கொஞ்சம் சேர்த்துச் சர்க்கரைப் பண்டமும் நட்சத்திரம் வாங்கிவிடலாம் என்று எதிர்ப்பு கிளம்ப, விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது.

புகார் செய்ய "ஃபுட் சேஃப்டி கனெக்ட்" செயலி இருக்கிறது. மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் எழுத்திலும் கொடுக்கலாம். பில், லேபிளில் உள்ள 14 இலக்க உரிம எண், லாட் எண் (தயாரிப்புத் தொகுதியின் எண்), தேதி ஆகியவற்றைப் படம் எடுத்து இணையுங்கள். காலி உறையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புகார் கொடுப்பதுதான் பொதுவாக நடக்கும் தவறு. லாட் எண் இல்லாவிட்டால் எந்தத் தயாரிப்பைச் சோதிப்பது என்றே அலுவலருக்குத் தெரியாது. தவறான லேபிளுக்கு 3 லட்சம் ரூபாய் வரையும், ஏமாற்று விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்கலாம்.

சட்டத்தின் 40-ஆவது பிரிவின்படி, கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் நீங்களே பரிசோதனைக்கும் கொடுக்கலாம். பொருள் விதிக்கு ஒவ்வாதது என்று அறிக்கை வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் பரிசோதனைக்குக் கொடுக்கப் போவதை வாங்கும்போதே விற்பவரிடம் சொல்லியாக வேண்டும்.