கோணேஸ்வரன்கள் எங்கே போனார்கள்?

உவர்மலையிலிருந்து ஒரு மாணவர் கேட்கிறார்: "என் பெயர் கோணேஸ்வரன். அப்பப்பா காலத்தில் திருகோணமலையில் தெருவுக்குத் தெரு இந்தப் பெயர் இருந்ததாம். எங்கள் பாடசாலையில் நான் மட்டும்தான். ஏன்?"

பக்தி குறைந்துவிட்டது என்பார்கள். கோணேசர் கோயில் திருவிழாக் கூட்டத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

சாத்திரியார் கொடுக்கும் எழுத்தா காரணம்? பிறந்த நட்சத்திரத்தின் ஒவ்வொரு பாதத்துக்கும் ஓர் எழுத்து; 'கோ' அவற்றில் ஒன்று. 27 நட்சத்திரம், தலா 4 பாதம், மொத்தம் 108 எழுத்து. சந்திரன் 27.3 நாளில் ஒரு சுற்று வருவதால் ஒவ்வோர் எழுத்துக்கும் ஏறக்குறைய 6 மணித்தியாலம். அப்பப்பா காலத்திலும் இதே 6 மணித்தியாலம்தான். ஆகவே பழி சந்திரன்மேல் இல்லை. (திருவாதிரைக்கு 'ங' கூட உண்டு. அதில் யார் பெயர் வைக்கிறார்கள்?)

விடை படியெடுத்தலில் இருக்கிறது. அமெரிக்கப் பெயர்களை ஆராய்ந்து ஹான், பென்ட்லி இருவரும் 2003இல் ஒரு மாதிரியை முன்வைத்தார்கள். பெற்றோர் புழக்கத்திலுள்ள பெயர்களில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிறார்கள். எப்போதாவது ஒருவர் புதுப்பெயர் உண்டாக்குகிறார். அவ்வளவுதான். சில பெயர்கள் கொடிகட்டிப் பறப்பதும் பல பெயர்கள் ஓரிருவரோடு நிற்பதும் இந்த விதியிலிருந்தே வந்துவிடுகின்றன.

ஆயிரம் பிள்ளைகளில் பத்துப் பேர் கோணேஸ்வரன் என்று வையுங்கள். அடுத்த தலைமுறையிலும் சராசரியாகப் பத்து வரவேண்டும். ஆனால் தற்செயலாக ஏழு வரலாம், பதின்மூன்றும் வரலாம். ஏழு வந்தால் அதற்கடுத்த தலைமுறை ஏழிலிருந்துதான் தொடங்கும். பழைய பத்து திரும்பிவர எந்தக் கட்டாயமும் இல்லை. இப்படித் தள்ளாடித் தள்ளாடிப் பூச்சியத்தைத் தொட்டால் முடிந்தது. இல்லாத பெயரை எவரும் படியெடுக்க முடியாதே! ஒருவர்கூட வெறுக்காமலே ஒரு பெயர் செத்துப்போகும். உயிரியலில் மரபணு நகர்வு என்பதும் இதே கணக்குத்தான். எனக்கு இதில் அலுப்பே வருவதில்லை.

பெற்றோர் முழுக்கக் கண்மூடிகளும் அல்லர். காது வேலை செய்கிறது. 2005இல் கத்ரீனா புயல் அடித்தபின் அமெரிக்காவில் 'க' ஒலியில் தொடங்கும் பெயர்கள் சுமார் 9 சதவீதம் கூடின. செய்தியில் ஓயாமல் கேட்ட ஓசை! நம்மூரில் நிரோஷன், தனுஷன், டிலக்‌ஷன். முதலெழுத்து சாத்திரியாருடையது, வால் அயலவருடையது.

அமெரிக்காவில் 1880 முதலான பெயர்க் கணக்கை எவரும் இணையத்தில் பார்க்கலாம். எண்சாத்திரத்துக்கு நாம் கொட்டும் காசில் ஒரு துளி போதும், நம் பிறப்புப் பதிவேடுகளையும் அப்படி எண்ணிவிடலாம். அதுவரை தம்பி, அதிபரிடம் அனுமதி கேட்டுப் பழைய சேர்வு இடாப்பைப் புரட்டுங்கள். பத்தாண்டுக்கு எத்தனை கோணேஸ்வரன் என்று எண்ணி எழுதி அனுப்புங்கள்.