காதில் கொம்பு வைத்துக் கேட்ட காலம்

போன வருஷம் ஐப்பசி மழை நேரத்தில், எழுபத்தெட்டு வயது அம்மா ஒருவரை அவருடைய மகன் எங்கள் கிளினிக்குக் கூட்டி வந்தார். ஈரோட்டுப் பக்கத்துக் கிராமம். நான் பெயரைக் கேட்டதும் மகன் வாசலில் நின்றபடியே கத்தினார்: "அம்மா! பேரக் கேக்கறாங்க! பேரு!" அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிறார்களா என்றுதான் பார்த்தார். முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார்.

மேசையில் ஒரு ஸ்டெதஸ்கோப் கிடந்தது. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, காதில் வைக்கும் முனைகளை அவர் காதில் பொருத்தினேன். நெஞ்சில் வைக்கும் வட்டத்தை என் வாயருகே பிடித்துக்கொண்டு சாதாரணக் குரலில், "சாப்ட்டீங்களாம்மா?" என்றேன்.

சட்டென்று நிமிர்ந்தார். "சாப்ட்டேன் கண்ணு. ரெண்டு இட்லி."

அப்புறம் பத்து நிமிஷம் பேசினோம். எந்தக் காது மோசம், எப்போதிருந்து, இரைச்சல் உண்டா, தலை சுற்றுகிறதா, எல்லாமே அந்தக் குழாய் வழியாகத்தான். மகன் வாயைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. கடைசியில் அந்தக் கறுப்புக் குழாயைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுலயே கேக்குதே கண்ணு, அப்புறம் மிஷின் எதுக்கு?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. அதற்கு அன்றைக்கு நான் அவசரமாகச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

கரண்டும் பேட்டரியும் வருவதற்கு வெகுகாலம் முன்பே, காது மந்தமானவர்கள் இதே முறையில்தான் கேட்டார்கள். ஐரோப்பாவில் முதலில் மாட்டுக் கொம்பும் சங்கும். அப்புறம் தகரம், பித்தளை, வெள்ளியில் செய்த குழல்கள். ஊமத்தம்பூவை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் அகலமாக விரிந்திருக்கும், மறுபக்கம் ஒடுங்கி காதுக்குள் நுழையும் அளவுக்கு வரும். விரிந்த வாயைப் பேசுகிறவர் பக்கம் திருப்பினால் போதும். 17ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே பிரான்சில் இதைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார்கள். நான் இதைச் செவிக்குழல் என்றே சொல்கிறேன்.

வேலை செய்யும் விதம் எளிமையானது. சிறிய டம்ளரில் மழைத்தண்ணீர் பிடிப்பதைவிட, அதன் மேல் பெரிய புனல் ஒன்றை வைத்தால் சீக்கிரம் நிறையும் அல்லவா? அதுபோல, அகன்ற வாய் அதிகப் பரப்பில் ஒலியை வாங்குகிறது. குழல் ஒடுங்க ஒடுங்க, வாங்கிய ஒலி சிறிய இடத்தில் குவிந்து செவிப்பறையை அழுத்தமாகத் தட்டுகிறது. நம்முடைய காது மடலும் இந்த வேலையைத்தான் செய்கிறது. டிவி ஓடிக்கொண்டிருந்தால் இப்போதே உள்ளங்கையைக் குவித்துக் காதுக்குப் பின்னால் வைத்துப் பாருங்கள். சத்தம் கூடுவதோடு, பேச்சின் கூர்மையும் கொஞ்சம் கூடுவது தெரியும். அந்தக் கையை உலோகத்தில் செய்து, நீட்டி, நுனியைக் காதுக்குள் செருகினால் அதுதான் செவிக்குழல்.

ஒலியின் அளவை டெசிபல் என்ற அலகில் சொல்வோம். அந்தக் குழல்கள் ஒலியை ஏறக்குறைய 10 முதல் 20 டெசிபல் வரை கூட்டிக் கொடுத்தன. ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்து நாம் இயல்பாகப் பேசுவது சுமார் 60 டெசிபல். லேசான, நடுத்தரமான குறைபாடு உள்ளவருக்கு 20 டெசிபல் என்பது பெரிய உதவி. கடுமையான குறைபாட்டுக்கு அது எட்டாது. தவிர, எல்லாச் சுருதியையும் ஒரே அளவில் அது கூட்டாது. குழலின் நீளத்துக்கு ஏற்ற சில சுருதிகள் மட்டும் தூக்கலாக ஒலிக்கும்; குடத்துக்குள் பேசுவது போலிருக்கும்.

ஆனால் இந்தக் கணக்கில் சேராத இன்னொரு சங்கதி உண்டு. குழலில் பேச வேண்டுமென்றால், பேசுகிறவர் எழுந்து கிட்டே வந்தாக வேண்டும். தூரம் பாதியாகக் குறையும் ஒவ்வொரு முறையும் ஒலி ஏறக்குறைய 6 டெசிபல் கூடும். இரண்டு மீட்டரில் நின்று பேசுகிறவர் ஒரு மீட்டருக்கு வந்தால் 6. அரை மீட்டருக்கு வந்தால் 12. ஒரு சாண் தூரத்துக்கு வந்துவிட்டால் 18! வீட்டுச் சுவரின் எதிரொலியால் கொஞ்சம் முன்பின் ஆகும். இருந்தாலும் பாருங்கள், குழல் கொடுத்த அளவுக்கு நெருக்கமும் கொடுத்திருக்கிறது. அந்த அம்மாவுக்கு ஸ்டெதஸ்கோப்பில் கேட்டதற்குக் குழாய் பாதிக் காரணம். என் வாய் அந்த வட்டத்துக்கு இரண்டு விரற்கடை தூரத்தில் இருந்தது மீதிக் காரணம்.

செவிக்குழல் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருகிறவர் இசைமேதை பேத்தோவன். முப்பது வயதைத் தொடும் முன்பே அவருக்குக் காது மந்தமாகத் தொடங்கிவிட்டது. 1802இல் வியன்னாவுக்கு அருகே ஹைலிகன்ஸ்டாட் என்ற ஊரில் தங்கியிருந்தபோது, சகோதரர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். சத்தமாகப் பேசுங்கள், எனக்குக் காது கேட்காது என்று மனிதர்களிடம் சொல்ல என்னால் முடியவில்லையே என்று அதில் புலம்பியிருக்கிறார். அந்தக் கடிதத்தை அவர் அனுப்பவே இல்லை. இறந்த பிறகுதான் அவருடைய காகிதங்களுக்கிடையே கிடைத்தது. இன்றைக்கும் என் அறையில் வாரத்துக்கு நாலு பேராவது இதையே வேறு வார்த்தைகளில் சொல்கிறார்கள். பெஞ்சைத் திரும்பிப் பார்த்த அந்த அம்மாவும் சொல்லாமல் சொன்னது இதைத்தான்.

பின்னாளில், இசைக்குத் தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் கருவிக்காகப் பேர்பெற்ற மெல்ட்ஸெல் என்ற கைவினைஞர் 1812 முதல் 1814 வரையிலான காலத்தில் பேத்தோவனுக்குச் சில செவிக்குழல்களைச் செய்து கொடுத்தார். அவை இன்றும் ஜெர்மனியின் பான் நகரில், அவர் பிறந்த வீட்டு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கொஞ்ச காலம் உதவின. குறைபாடு முற்றியதும் குழல் போதவில்லை. 1818 முதல் நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டார். எதிரில் இருப்பவர் அதில் எழுதுவார், இவர் வாயால் பதில் சொல்வார். கருவி கைவிட்டதும் பேச்சை விடாமல் வேறு வழிக்கு மாறியிருக்கிறார். காது மிஷினால் பலன் இல்லை என்று சொல்லி மூலையில் உட்கார்ந்துவிடும் பெரியவர்களின் வீட்டாரிடம் இதை நான் தவறாமல் சொல்வதுண்டு. ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுங்கள், செல்போனில் பேசினால் எழுத்தாக வரும் வசதியைப் போட்டுக் காட்டுங்கள். பேச்சு நின்றுவிடக் கூடாது.

லண்டனில் 1800இல் தொடங்கிய ரெய்ன் என்பவரின் கம்பெனிதான் இவற்றை வியாபாரமாகவே செய்து விற்றது. 1963 வரை இருந்த கம்பெனி அது. அவர்கள் செய்த பொருள்களைப் பார்க்கும்போது எனக்கு வியப்பைவிட வருத்தமே அதிகம் வரும். தலைமுடிக்குள் மறையும் பட்டையில் பொருத்திய குழல்கள், விசிறிக்குள் ஒளித்த குழல், பெரிய தாடிக்குள் புதைத்துக்கொள்ளும் குழல், துக்க உடைக்குப் பொருந்தக் கறுப்புப் பட்டுத்துணி சுற்றிய குழல். இத்தனை உழைப்பும் திறமையும், கேட்கவில்லை என்பது ஊருக்குத் தெரியக் கூடாது என்பதற்காகச் செலவாகியிருக்கின்றன. மறைக்க மறைக்கக் குழல் சின்னதாகும், சின்னதானால் வாங்கும் ஒலியும் குறையும். இது இன்றைக்கும் மாறவில்லை. "வெளிய தெரியாத மாதிரி சின்னதா குடுங்க" என்று கேட்டு, தன் குறைபாட்டுக்குப் போதாத கருவியை வாங்கி, ஆறு மாதத்தில் டப்பாவில் போட்டு வைத்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

அதே ரெய்ன் 1819இல் போர்ச்சுகல் மன்னர் ஆறாம் ஜானுக்கு ஒரு சிம்மாசனம் செய்தார். அதன் கைப்பிடிகளின் நுனியில் வாய் திறந்த சிங்கத் தலைகள். கைப்பிடிக்குள் பொந்து, அங்கிருந்து ஒரு குழாய் மன்னரின் காதுக்கு. மன்னரிடம் பேச வந்தவர் மண்டியிட்டு, சிங்கத்தின் வாய்க்குள் பேச வேண்டும். பார்க்க ராஜமரியாதை மாதிரி இருக்கும். ஒலியியல்படி பார்த்தால் பேசுகிறவர் கிட்டே வருகிறார், முகம் மன்னருக்கு எதிரே இருக்கிறது, ஒரே நேரத்தில் ஒருவர்தான் பேசுகிறார். காது மந்தமானவரின் வீட்டாருக்கு நாங்கள் சொல்லும் மூன்று விதிகளும் அந்த நாற்காலியிலேயே இருக்கின்றன.

ஆனால் என் மனதுக்கு நெருக்கமானவர் ஹேரியட் மார்ட்டினோ என்ற ஆங்கிலேய எழுத்தாளர். சிறு வயதிலேயே காது மந்தமாகிவிட்டது. குழலை மறைக்காமல் கையில் பிடித்துக்கொண்டே 1834 முதல் 1836 வரை அமெரிக்கா முழுக்கச் சுற்றினார். காது கேளாதவர் ஒரு நாட்டைப் பார்த்து என்ன எழுதிவிட முடியும் என்று கேட்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். 1837இல் வெளியான புத்தகத்தின் முன்னுரையிலேயே பதில் சொல்லிவிட்டார். தன் குழலுக்கு ஏதோ ஒரு ஈர்ப்பு இருக்கிறது. கூட்டத்தில் எல்லாப் பேச்சும் காதில் விழுகிறவர்களைவிட, ஒவ்வொருவராகக் குழலருகே வந்து தனியே பேசுவதில் தனக்கு அதிகம் கிடைக்கிறது என்று. காதுக்குள் ஒரு ஆளை மட்டும் அனுமதிக்கும் குழலில் ஊர்ப் பேச்சு பேச யாருக்கும் தோன்றாது. மனதில் இருப்பதைத்தான் சொல்வார்கள்.

சரி, நம் வீடுகளுக்கு வருவோம். "சத்தம் கேக்குது, பேச்சுதான் வெளங்கல" என்று பெரியவர்கள் சொல்வார்கள். வீட்டில் யாரும் நம்ப மாட்டார்கள். "வேணும்ங்கறது மட்டும் கேக்கும்" என்று கேலி செய்வார்கள். அவர்கள் சொல்வது முழு உண்மை. வயதானால் முதலில் போவது உயர்ந்த சுருதிகள். உயிரெழுத்துகள் பெரும்பாலும் தாழ்ந்த சுருதியில் இருப்பதால் அவை கேட்கும். க, ச, ட, த, ப போன்ற வல்லெழுத்துகளைப் பிரித்துக் காட்டும் மெல்லிய ஒலிகள் உயர்ந்த சுருதியில் இருப்பதால் அவை நழுவிவிடும். படம், தடம், கடம் மூன்றும் அவர்களுக்கு ஒன்றுபோலவே கேட்கும். கத்தினால் என்ன ஆகிறது? ஏற்கெனவே கேட்கும் உயிரெழுத்து இன்னும் பெரிதாகிறது, நழுவிய ஒலி நழுவியபடியேதான் இருக்கிறது. அதோடு, உட்காது பழுதானவர்களுக்கு மெல்லிய ஒலி கேட்காது, பெரிய ஒலியோ சட்டென்று தாங்க முடியாததாகிவிடும். "கேக்கல" என்றவரே அடுத்த நொடி "எதுக்குக் கத்தற?" என்று சலித்துக்கொள்வதற்குக் காரணம் குணம் அல்ல, உட்காது.

அந்த அம்மாவின் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. குழாய் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் கூட்டிக் கொடுக்கும். இன்றைய கருவியை, பரிசோதனையில் வந்த ஆடியோகிராம் என்ற கேள்திறன் வரைபடத்தைப் பார்த்து, எந்தச் சுருதி எவ்வளவு குறைந்திருக்கிறதோ அங்கே மட்டும் அந்த அளவு கூட்டி, பெரிய சத்தத்தை அடக்கி அமைத்துத் தருகிறோம். பரிசோதனையே இல்லாமல் ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு வாங்கும் ஒலிபெருக்கியில் இது நடக்காது. அது மீதமிருக்கும் கேள்திறனையும் கெடுத்துவிடக்கூடும். பணம்தான் தடை என்றால், உங்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். அரசு மூலமாக இலவசக் கருவி பெற வழி இருக்கிறது.

இதில் எனக்குப் பிடித்த ஒரு தொழில் நுணுக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். காதுக்குப் பின்னால் மாட்டும் கருவியிலிருந்து, காதுக்குள் பொருந்தும் அச்சுக்கு ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாய் வரும். சிலருக்கு உயர்ந்த சுருதி இன்னும் கொஞ்சம் வேண்டியிருக்கும். அப்போது அந்தக் குழாயை மாற்றி, லிப்பி ஹார்ன் என்ற குழாயைப் போடுவோம். உள்விட்டம் சுமார் 2 மில்லிமீட்டரில் தொடங்கி, காதுப் பக்கம் போகப் போக 4 மில்லிமீட்டராக விரியும். செவிக்குழலைத் தலைகீழாகத் திருப்பிய மாதிரி. விரல் நகத்தில் வைத்துப் பார்த்தால் சின்ன நாதஸ்வர அணைசு போலிருக்கும். கம்ப்யூட்டரில் ஒரு பட்டனையும் தொடாமல், அந்த வடிவம் மட்டுமே மெல்லிய ஒலிகளைத் தூக்கிக் கொடுக்கிறது.

ஆஸ்பத்திரி வார்டில் வேலை செய்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெரியவர் அட்மிட் ஆனதும் கருவியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுகிறோம், அல்லது தொலைந்துவிடும் என்று வீட்டார் எடுத்துப் போய்விடுகிறார்கள். அடுத்த நாள் அவர் கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார். கேஸ் ஷீட்டில் "குழப்பமாக இருக்கிறார்" என்று எழுதப்படுகிறது. அப்படி எழுதும் முன் கழுத்தில் தொங்கும் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி, துடைத்து, அவர் காதில் வைத்து ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். மெதுவான குரல் போதும். வட்டத்தைத் தட்டவோ அதில் கத்தவோ கூடாது. காதில் சீழ் வடிந்தால் வேண்டாம். ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்து வாங்கும் நேரத்தில் இது ரொம்பவே முக்கியம். எதற்குத் தலையாட்டுகிறோம் என்று தெரியாமல் தலையாட்டிய பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மெல்ல மெல்லக் குறையும் காதுக்குத்தான் இதெல்லாம். ஒரு காது திடீரென்று, ஒரே நாளிலோ இரண்டு மூன்று நாளிலோ அடைத்துப் போனால், தானாகச் சரியாகும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள். நாள் கடந்தால் மீட்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.

அந்த அம்மாவுக்கு இரண்டு காதுக்கும் கருவி பொருத்தினோம். இப்போதைய கருவிகளில், தினம் எத்தனை மணி நேரம் போட்டிருந்தார்கள் என்பது பதிவாகும். முதல் மாதம் 6 மணி நேரம். இரண்டாவது மாதம் பார்த்தால், ஒரு மணி நேரம்கூட இல்லை. கருவி சரியாக இருந்தது, அச்சும் உறுத்தவில்லை. ஏன் போடுவதில்லை என்று கேட்டேன்.

"யாரு கண்ணு பேசறாங்க? அவம்பாட்டுக்குத் திண்ணைல நின்னு என்னமோ சொல்லிட்டுப் போயிருவான். சும்மா எதுக்கு மாட்டிக்கிட்டு."

மகன் பக்கத்தில்தான் நின்றார். மிஷின் வாங்கிக் கொடுத்தாயிற்று, இனி எங்கிருந்து பேசினாலும் கேட்டுவிடும் என்றே அவர் நினைத்திருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. நானும் அதை அவருக்கு முன்பே தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கு அவரை நாற்காலியை இழுத்துப் போட்டு அம்மாவுக்கு எதிரே உட்கார வைத்தேன். ஃபேனை நிறுத்தினேன். ஊர்க் கோயில் விசேஷத்தைப் பற்றிப் பேசச் சொன்னேன். முதலில் தயங்கினார், அப்புறம் இரண்டு பேரும் என்னை மறந்துவிட்டார்கள்.

அடுத்த முறை பேரன் கூட வந்திருந்தான். சாயங்காலம் கடலைக்காய் உரிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக் காட்டுவது இப்போது அவன் வேலையாம். கருவியைக் கம்ப்யூட்டரில் இணைத்துப் பார்த்தேன். பதிவில் 7 மணி நேரம் என்றிருந்தது.