துளைக்காசு

நடுவில் துளையுள்ள நாணயம் என்றதும் நம் ஊர்ப் பெரியவர்களுக்கு நினைவு வருவது ஓட்டைக் காலணா. 1943 முதல் 1947 வரை பிரிட்டிஷ் இந்திய அரசு வெளியிட்ட வெண்கலக் காசு. ரூபாயில் 64இல் ஒரு பங்கு. போர்க்காலத்தில் செம்புக்குத் தட்டுப்பாடு. அதற்கு முந்தைய காலணா கிட்டத்தட்ட 5 கிராம் எடை, இது 2 கிராம்தான். அரசர் தலை இருக்க வேண்டிய இடத்தைத் துளை எடுத்துக்கொண்டதால், மேலே ஒரு கிரீடத்தை மட்டும் பொறித்துச் சமாளித்தார்கள்.

இதைவிடச் சுவையானது 'காசு' என்ற சொல்லின் பயணம். நாணயம் சேகரிப்பவர்களின் பட்டியல்களில், சதுரத் துளையுள்ள பழைய சீன நாணயத்துக்கு 'கேஷ்' என்று பெயர். அது நம் காசுதான். கடலோடி வந்த போர்த்துக்கீசியர் இங்கே காசு என்று கேட்டதைத் தம் மொழியில் 'கைஷா' ஆக்கினார்கள். அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டு, சென்னைப் பட்டணத்துச் சில்லறைக்கும் சீனத்துச் சில்லறைக்கும் ஒரே பெயராக வைத்தார்கள். கம்பெனி காலத்துச் சென்னைக் கணக்கு இது: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன்.

கடையில் 'கேஷா, கார்டா' என்று கேட்கிறார்களே, அந்தக் கேஷ் வேறு. பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களின் வழியில் வந்தது. போர்த்துக்கீசிய மொழியிலும் கைஷா என்றால் பெட்டிதான்; குழப்பத்துக்குக் கேட்கவா வேண்டும்! ஆக, ஆங்கிலக் கேஷே தமிழ்தான் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பெருமையில் பாதிதான் உண்மை. காசையே 'கர்ஷம்' என்ற வடமொழி எடைப் பெயரோடு சேர்த்துப் பார்ப்பவர்களும் உண்டு.

சங்கப் பாட்டில் காசு என்றால் செலவழிக்கும் சில்லறை மட்டுமல்ல. குறுந்தொகை 67ஆம் பாட்டில் ஒரு கிளி வேப்பம்பழத்தை வளைந்த அலகில் பிடித்திருக்கிறது. புதுநூலில் பொற்காசைக் கோப்பவர் அதைக் கூரிய நகத்தில் பிடித்திருப்பதுபோல் இருக்கிறதாம். நூல் நுழைய வேண்டுமானால் துளை இருந்தாக வேண்டும். இங்கே காசு, அணியில் கோக்கும் பொன்மணி. காசுமாலை என்ற சொல்லில் அந்தத் தொடர்பு இன்றும் இருக்கிறது.

சரி, சீனர்கள் ஏன் துளையைச் சதுரமாக வைத்தார்கள்? அவர்களுடைய காசு அடித்துச் செய்தது அல்ல, அச்சில் உலோகத்தை உருக்கி ஊற்றி வார்த்தது. வார்த்ததும் விளிம்பெல்லாம் பிசிறாக நிற்கும். பல காசுகளை ஒரே சதுரக் கம்பியில் செருகி மொத்தமாக அரம் போட்டுத் தேய்த்தால் வேலை சுலபம். வட்டத் துளையாக இருந்தால் காசு கம்பியில் சுழன்றுகொண்டே இருக்கும். அப்புறம் அதே துளையில் கயிறு கோத்து, ஆயிரம் காசு ஒரு சரம் என்று கணக்கு வைத்தார்கள். வட்டம் வானம், சதுரம் பூமி என்ற விளக்கமும் உண்டு. எனக்கு அரம்தான் நம்பும்படி இருக்கிறது. கி.மு. 221இல் சீனாவை ஒன்றாக்கிய சின் ஷி ஹுவாங் இந்த வடிவத்தை நாடு முழுவதற்கும் பொதுவாக்கினார்.

இப்போது காசைக் கயிற்றில் கோப்பவர் இல்லை. ஆனாலும் ஜப்பானின் 5 யென், 50 யென் நாணயங்களில் துளை இருக்கிறது. 50 யென்னுக்கு 1959இல்தான் துளை வந்தது, 100 யென்னோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க. கண் தெரியாதவர்களும் விரலால் தடவியே சொல்லிவிடலாம்.

தமிழில் இதற்கு எந்தச் சொல்? குடத்தில் விழுவது ஓட்டை, குழலில் இடுவது துளை. வேண்டுமென்றே போட்டதைத் துளைக்காசு என்பதே பொருத்தம். சீனத்துக்குச் சதுரத் துளைக்காசு. ஓட்டைக் காலணாவை மட்டும் திருத்தப் போக வேண்டாம், அது அந்தக் காசுக்கே உரிய பெயராகிவிட்டது.