பெட்டியைத் திறக்கும் முன் விளக்கை அணையுங்கள்

"சார், கண்ணில் மணலை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கிறது." இரவு 11 மணிக்கு ஃபோன். பேசியவர் எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த மாணவர். மாலையில், வினை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்க, புற ஊதா விளக்கு எரியும்போதே வேதிவினை நடக்கும் பெட்டியின் கதவைத் திறந்து ஊசியால் மாதிரி எடுத்திருக்கிறார். சில நிமிட வேலை. அப்போது ஒன்றுமே தெரியவில்லை. இதன் வம்பே அதுதான். கருவிழி வெந்தது பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரம் கழித்துத்தான் வலிக்கும். கண்ணாடி போடாமல் வெல்டிங் பார்த்தவர்களுக்கு இந்த வலி தெரியும்.

அவர் செய்துகொண்டிருந்தது 2-குவினோலோன் என்ற கரிமச் சேர்மத்தின் வளையக் கூட்டு வினை. ஒளி பட்டதும் குவினோலோனின் 3, 4-ஆம் கார்பன்கள் ஓர் ஆல்கீனோடு (கார்பன் இரட்டைப் பிணைப்புள்ள சேர்மம்) கைகோத்து, நான்கு கார்பன் கொண்ட சதுர வளையமாகின்றன. சூடாக்கிச் சாதிக்க முடியாத வேலை. ஆனால் 350 நானோமீட்டரைத் தாண்டிய ஒளியைக் குவினோலோன் பெரும்பாலும் உறிஞ்சாது. கண்ணுக்குத் தெரியும் ஒளி அதற்கும் மேலே. அதனால்தான் புற ஊதா தரும் மெர்குரி விளக்கு.

அந்த விளக்கு கருவிழியைச் சுடும் 254 நானோமீட்டர் ஒளியையும் சேர்த்தே உமிழும். விளக்கைச் சுற்றி மாட்டும் பைரெக்ஸ் கண்ணாடி உறை அதைத் தடுத்துவிடும், குவார்ட்ஸ் உறை விட்டுவிடும். பார்க்க இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். பைரெக்ஸ் உடைந்திருந்த அந்த வாரம், கையில் கிடைத்த குவார்ட்ஸை மாட்டச் சொன்னது நான்தான். பழியை மாணவர்மேல் மட்டும் போட முடியாது.

இன்று வேறு வழியும் இருக்கிறது. ஜெர்மனியின் ம்யூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வேதியியலாளர் தோர்ஸ்டன் பாக் குழு 2014-இல் தயோசாந்தோன் வினையூக்கி ஒன்றைக் காட்டியது. அது கண்ணுக்குத் தெரியும் ஒளியை வாங்கி, ஆற்றலைக் குவினோலோனுக்குக் கைமாற்றுகிறது. ஹைட்ரஜன் பிணைப்பால் குவினோலோனைப் பிடித்து ஒரு பக்கத்தை மறைத்துவிடுவதால், ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இடக்கை வலக்கை வடிவங்களில் ஒன்றே மிகுதியாகக் கிடைக்கிறது. நீல எல்ஈடி போதும் என்றால் மெர்குரி எதற்கு? அதற்காக நீல ஒளியை வெறும் கண்ணால் உற்றுப் பார்க்கலாம் என்று அர்த்தமில்லை. ஆரஞ்சு நிறக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

புற ஊதா கண்ணில் பட்டுவிட்டால் கண்ணைக் கசக்காதீர்கள். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றிவிட்டு, கண் மருத்துவரிடம் போங்கள். மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தை நீங்களாக வாங்கிப் போட வேண்டாம், காயம் ஆறுவது தள்ளிப்போகும்.

மாணவருக்கு இரண்டு நாளில் சரியாகிவிட்டது. அப்புறம் பெட்டிக் கதவில் ஒரு சுவிட்ச் வைத்தோம், திறந்தால் விளக்கு தானாக அணையும். குவார்ட்ஸ் உறையின் கழுத்தில் இப்போது சிவப்பு டேப் சுற்றியிருக்கிறது.