காரின் சப்வூஃபரும் வீட்டின் மின்சாரமும்

கார் கைமாறும்போது டிக்கியில் இருந்த, தாழ்ந்த பேஸ் ஒலிக்கான சப்வூஃபர் பெட்டியையும் ஆம்ப்ளிஃபயரையும் கழற்றி வைத்துக்கொள்பவர்கள் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கமும் உண்டு. அவற்றை வீட்டில் இணைக்க முற்படுகிறவர்கள் பெரும்பாலும் ஸ்பீக்கர் ஒயரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். கூடுதல் கவனம் தேவைப்படும் இடமோ மறுபக்கத்தில், ஆம்ப்ளிஃபயர் மின்சாரத்தை உள்வாங்கும் முனைகளில் இருக்கிறது.

வீட்டு ப்ளக்கில் வருவது 230 வோல்ட் மாறுமின்னோட்டம். காரில் கிடைப்பது 12 வோல்ட் நேர்மின்னோட்டம், இன்ஜின் ஓடும்போது ஏறத்தாழ 14. இந்த 12 வோல்ட்டை அப்படியே வைத்துக்கொண்டு 4 ஓம் ஸ்பீக்கரை இயக்கினால், ஒலி சிதையாமல் கிடைக்கும் திறன் 18 வாட்டைத் தாண்டாது. அதனால்தான் கார் ஆம்ப்ளிஃபயருக்குள், வந்த மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை துண்டித்துச் சேர்த்து, சிறிய ட்ரான்ஸ்ஃபார்மர் வழியே வோல்ட்டைப் பல மடங்கு உயர்த்தும் பகுதி ஒன்று தனியாக இருக்கிறது. இந்த உயர்வுக்கு விலை, உள்ளே வரும் பக்கத்தில் ஆம்பியர் ஏறுவதுதான். 300 வாட் வெளியிடும் ஆம்ப்ளிஃபயரின் செயல்திறன் 80 சதவீதம் என்று கொண்டால் அதற்கு 375 வாட் தேவை. 12 வோல்ட்டில் அது 31 ஆம்பியர். இதே 375 வாட்டை 230 வோல்ட்டில் எடுத்தால் 1.6 ஆம்பியர்தான் ஆகும்.

வீட்டு வயரிங்கில் மிஞ்சிய 1.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயரை இதற்குப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். போக 3 மீட்டர், வர 3 மீட்டர் என்றால், 31 ஆம்பியர் ஓடும்போது ஒயரிலேயே 2 வோல்ட்டுக்கு மேல் விழுந்துவிடும். 60 வாட்டுக்கு மேல் வெப்பமாகி, ஒயரின் மேலுறையை இளக்கத் தொடங்கும். 10 ஸ்கொயர் எம்.எம். ஒயரில் அந்த இழப்பு 0.3 வோல்ட் அளவில் நின்றுவிடும். ஒயர் குட்டையாக இருந்தால் இன்னும் நல்லது.

12 வோல்ட்டுக்குப் பலரும் நாடுவது பழைய கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை, அதாவது அதன் பவர் சப்ளையை. அதன் மேல் ஒட்டியுள்ள தாளில் மொத்த வாட்டைப் பார்த்து ஏமாறாமல், 12 வோல்ட் என்ற கட்டத்தில் எத்தனை ஆம்பியர் போட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பச்சை ஒயரைக் கறுப்போடு இணைத்தால்தான் அது உயிர்பெறும். உறையைத் திறக்கவே கூடாது. ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள கெப்பாசிட்டரில் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தேங்கியிருக்கலாம். வெறும் பாட்டரி சார்ஜரை இணைப்பதும் வீண் வேலை, ஏனெனில் சமன்படாத அதன் மின்சாரம் பாட்டுக்கு முன்னே ஒரு ரீங்காரத்தைக் கிளப்பும். இன்வெர்ட்டருக்கு வாங்கிய 12 வோல்ட் பாட்டரி சுத்தமான நேர்மின்னோட்டம் தரும் என்றாலும், இன்வெர்ட்டரோடு இணைந்திருக்கும் நிலையில் அதில் கை வைப்பதை நான் ஏற்கமாட்டேன். தனியாக ஒரு பாட்டரி வைப்பதானால், அதன் ப்ளஸ் முனையிலிருந்து ஒரு முழத்துக்குள் ஃப்யூஸ் இருக்க வேண்டும். ஒயர்கள் தொட்டுக்கொண்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும்.

ஆம்ப்ளிஃபயரில் ப்ளஸ், மைனஸ் தவிர ரிமோட் என்று மூன்றாவது முனை ஒன்று இருக்கும். காரில் செட்டைப் போட்டதும் அதற்கு 12 வோல்ட் வரும். வீட்டில் ப்ளஸ் முனையிலிருந்து ஒரு சிறிய சுவிட்ச் வழியாக அதற்கு மின்சாரம் கொடுத்தால் போதும்.

இனி ஸ்பீக்கர் பக்கம். பல சப்வூஃபர்களில் 4 ஓம் சுருள்கள் இரண்டு இருக்கும். தொடராக இணைத்தால் 8 ஓம், பக்க இணைப்பில் 2 ஓம். பிரிட்ஜ் முறையில் (இரு சேனல்களைச் சேர்த்து ஒரே ஸ்பீக்கரை இயக்கும் முறை) 4 ஓமுக்குக் குறையக் கூடாது என்று எழுதியுள்ள ஆம்ப்ளிஃபயரில் 2 ஓமை மாட்டினால், மின்னோட்டம் எல்லை மீறிச் சிவப்பு விளக்கு எரிந்து ஒலி நின்றுவிடும். 8 ஓமில் திறன் ஏறத்தாழ பாதியாகும்; பவர் சப்ளையின் சுமையும் அதே அளவில் குறைவதால், வீட்டுக்கு இதுவே உத்தமம். இரண்டு பெட்டிகள் இருந்தால் முனை மாறாமல் இணைக்க வேண்டும். ஒன்று முன்னே தள்ளும்போது மற்றொன்று பின்னே இழுத்தால் பேஸ் ஒலி ஒன்றையொன்று அழித்துவிடும். ஆம்ப்ளிஃபயர் ஒயரைக் கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் டார்ச் செல்லின் ப்ளஸ்ஸை ஸ்பீக்கரின் ப்ளஸ்ஸிலும் மைனஸை மைனஸிலும் ஒரு கணம் தொட்டால் கோன் வெளியே துள்ள வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும், காரில் நெஞ்சை அதிரவைத்த பெட்டி செட்டிநாட்டு வீட்டின் நடு முற்றமான வளவில் சோர்ந்து ஒலிக்கும். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 8.6 மீட்டர், கார் அறைக்குள் அதில் பாதிகூட அடங்காது என்பதால் உள்ளிருக்கும் காற்று முழுவதும் ஒரே மூச்சில் அமுங்கி விரிந்து, பேஸ் தானாகவே பெருகுகிறது. வானம் பார்த்த வளவில் அமுங்குவதற்கு அடைபட்ட காற்று ஏது? வளவைச் சுற்றியுள்ள சிறிய அறைகளில் ஒன்றில், கனத்த சுவர்களுக்கிடையே கதவைச் சாத்தி வைத்தால் அதே பெட்டி மீண்டும் முழங்கும். அங்கே வேறு சிக்கல் உண்டு. 3.5 மீட்டர் நீள அறையில் 49 ஹெர்ட்ஸ் அலை சுவர்களுக்கிடையே நிலைகொண்டு, சுவரோரம் அதிகமாகவும் நடுவில் மங்கலாகவும் கேட்கும். அந்த ஒரு சுரத்துக்கு மட்டும் அலமாரியில் அடுக்கிய எனாமல் பாத்திரங்கள் கிலுகிலுக்கும். ஆம்ப்ளிஃபயரில் தாழ்ந்த ஒலியை மட்டும் விடும் லோ பாஸ் திருகை 80 ஹெர்ட்ஸில் வைத்துவிட்டு, நாம் வழக்கமாக உட்காரும் இடத்தில் பெட்டியை வைத்துப் பாடவிட்டு, அறையின் ஓரமாகக் குனிந்து சுற்றிவந்தால், பேஸ் எல்லாச் சுரங்களிலும் சீராகக் கேட்கும் ஓர் இடம் தென்படும். பெட்டியை அங்கே நகர்த்திவிடலாம்.